தனியாக வாழ்பவரும் பிள்ளை வளர்க்கலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

காப்பகத்தில் வளரும் குழந்தைகளை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்க்கும் ‘வளர்ப்புப் பராமரிப்பு’க்கான மாதிரி வழிகாட்டுதல்களை மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024-இல் திருத்தியது. அதையொட்டி எழும் சந்தேகங்களும் விளக்கங்களும்:

வளர்ப்புப் பராமரிப்பும் தத்தும் ஒன்றுதானே?

இல்லை. தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி உங்கள் வாரிசு. வளர்ப்புப் பராமரிப்பில் சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆனால் பிள்ளை உங்கள் வாரிசாகிவிடாது. பெற்றவர்களின் நிலைமை சீரானால் அவர்களிடமே திரும்பவும் செய்யலாம். 6 வயதைக் கடந்த பிள்ளைகளையே இப்படி அனுப்புகிறார்கள். உத்தரவு தருவது குழந்தைகள் நலக் குழு.

புதிதாக என்ன மாறியது?

முன்பு தம்பதியர் மட்டுமே விண்ணப்பிக்க முடிந்தது. இப்போது திருமணமாகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் ஆகியோரும் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண், ஆண் பிள்ளையையோ பெண் பிள்ளையையோ வளர்க்கலாம். ஆணுக்கு ஆண் பிள்ளை மட்டுமே. தம்பதியர் என்றால் குறைந்தது 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

வயது வரம்பு உண்டா?

உண்டு. தனிநபருக்குக் குறைந்தது 35 வயது. 6 முதல் 12 வயதுப் பிள்ளையை வளர்க்க 55 வயதுவரை, 12 முதல் 18 வயதுப் பிள்ளையை வளர்க்க 60 வயதுவரை அனுமதி. தம்பதியர் இருவரின் வயதையும் கூட்டினால் குறைந்தது 70 வர வேண்டும்.

லைசென்ஸ் ஏதாவது வாங்க வேண்டுமா?

அப்படித் தனியாக எதுவும் இல்லை. ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆவணங்களைச் சரிபார்க்கும். பிறகு வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை எழுதுவார்கள். அந்த அறிக்கைதான் உங்கள் தகுதிச் சான்று.

பிள்ளை வந்த பிறகும் வருவார்களா?

வருவார்கள். குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். கவனிப்பில் குறை தெரிந்தால் பிள்ளையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடலாம். விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் விரித்திருக்கிறார்கள், கண்காணிப்பைத் தளர்த்தவில்லை.

அரசு பணம் தருமா?

‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது பிள்ளையின் செலவுக்கு. வளர்ப்பவருக்கான சம்பளம் அல்ல.

வளர்க்கும் பிள்ளையையே தத்தெடுக்கலாமா?

சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளையாக இருந்தால், 2 ஆண்டுகள் வளர்த்த பிறகு கேட்கலாம். முன்பு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தத்தெடுப்பவர், தத்து உத்தரவு வரும்வரை பிள்ளையைப் பார்க்கவே முடியாதா?

முடியும். தத்துக்கு முந்தைய பராமரிப்பு என்ற பெயரில் பிள்ளையை முன்பே உங்களிடம் ஒப்படைப்பார்கள். 2022 செப்டம்பர் 1 முதல் உத்தரவு தருவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். மனுவை 2 மாதங்களுக்குள் அவர் முடிக்க வேண்டும். அதன் பின்னும் 2 ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் நலனை விசாரிப்பார்கள்.

ஆதரவற்ற குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்தே நேரடியாக வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. சட்ட நடைமுறைக்கு வெளியே அப்படிக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 3 ஆண்டுகள்வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் சேர்ந்தே விதிக்கப்படலாம். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணில் தெரிவியுங்கள்.