புறாமலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஓகஸ்ட் லீவுக்கு வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போகும் தோட்டத்துக் குடும்பங்கள் அநேகம். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு நிலாவெளிக்குப் போனால், கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு தெரியும். மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசிய பூங்கா ஆனது.

நம்ம பக்கம் தென்மேற்கு மழை கொட்டும் மாதங்களில்தான் அங்கே கடல் அமைதி. மார்கழியில் அலை பெரிது, போக வேண்டாம்.

வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட் வேறு, போட் கூலி வேறு. இரண்டையும் விசாரித்து முன்கூட்டியே காசு சேர்த்துக்கொள்ளுங்கள். தீவில் கூடாரம் அடித்துத் தங்க முடியாது. பகலில் போய்த் திரும்ப வேண்டும். இரவுத் தங்கல் நிலாவெளிக் கரையில்தான்.

நாம் ஆற்றில் குளித்துப் பழகியவர்கள். கடல் அப்படியல்ல, இழுக்கும். போட்டில் எல்லாரும் உயிர்காப்பு அங்கி போட வேண்டும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

தண்ணீருக்கடியில் இருக்கும் முருகைக்கல் வெறும் கல்லல்ல, உயிருள்ளது. மீன் குஞ்சு பொரித்து வளர்வது அதில்தான். கொழுந்து பறித்தால் பத்து நாளில் திரும்பத் துளிர்க்கும். குண்டு முருகைக்கல்லோ வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. மிதித்து முறித்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் தேறாது. நம் காலையும் வெட்டும். ஞாபகத்துக்கென்று ஒரு துண்டு எடுத்தாலும் சட்டப்படி குற்றம்.

சோற்றுப் பொட்டலம், பொலித்தீன், போத்தல் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.