கஷாயத்துக்கு எந்த விறகு?

சீன மருத்துவர் லீ ஷிழென் 1578-ல் எழுதி முடித்த 'பென்சாவ் காங்மூ' மருந்து நூலில் தீக்கென்றே தனிப் பகுதி உண்டு. கனிமங்களைப் புடம்போட ஓக் மரக்கரி. பலம் தரும் மருந்துகளைக் காய்ச்ச மல்பெரி விறகு, காய்ந்த நாணல், மூங்கில் என்று அது பிரித்துச் சொல்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அவசர முடிவு. விறகின் குணம் மண்சட்டியைத் தாண்டி மருந்தில் இறங்காதுதான். சூட்டின் வேகமோ கட்டாயம் இறங்கும். வத்சநாபி இனக் கிழங்கு நெடுநேரம் கொதித்தால்தான் நஞ்சு தணியும். புதினாவை அப்படிக் கொதிக்கவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் இன்றும் அதைக் கடைசியில் போடுகிறார்கள். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினால் போதாதா என்று கேட்கலாம். தாராளமாகப் போதும். குமிழ் இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்தது விறகுத் தேர்வு.