நனைந்த மூட்டைக்குள் சூடு எங்கிருந்து வருகிறது?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோது மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு வாசலில் பாயும் தலையணையும் ஊறிப்போன புத்தகங்களும் கிடந்தன. எங்கள் சமையலறை மூலையில் 25 கிலோ இட்லி அரிசி மூட்டை ஒன்று தரையோடு தரையாக இருந்தது. அடிப்பாகம் தண்ணீரில் ஊறிப் புளித்துவிட்டது. மேலே ஒரு சாண் அளவுக்குக் காய்ந்த மாதிரித் தெரிந்ததால், அதையாவது அள்ளிக்கொள்ளலாம் என்று கையை விட்டேன். மணிக்கட்டு வரை சில்லென்று இருந்தது. முழங்கை நெருங்கும் ஆழத்தில் அரிசி வெதுவெதுவென்று சுட்டது. வெளியே மழைக்காலத்து ஈரக் காற்று; வீட்டில் மின்சாரம்கூட இல்லை. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

நெல் மூட்டையாக இருந்தால் விதை மூச்சு விடுவதால் வந்த சூடு என்று ஓரளவு சொல்லலாம். விதைக்கு உயிர் உண்டு. ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். ஆனால் இட்லி அரிசி புழுங்கல். ஊறவைத்து, அவித்து, தவிடு நீக்கி, உயிர் போன மணி. அது தானாகச் சூடாக முடியாது. அதன் மேல் வேறு ஏதோ வாழ்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த வேறு ஏதோதான் பூஞ்சை, நாம் பூசணம் என்று சொல்வது. மாவுச்சத்தைத் தின்று, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. நாம் சோறு தின்று உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதும் இதே கணக்குத்தான். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் எரிந்தால் 108 கிராம் தண்ணீர் உண்டாகும். அதாவது பூஞ்சை தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தானியக் குவியலோ சூட்டை எளிதில் வெளியே விடாது. மணிகளுக்கு நடுவே அடைபட்ட காற்று, கம்பளி போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் மூட்டையில் அடிப்பகுதி சுடாததற்கும் காரணம் இருக்கிறது: நீரில் மூழ்கிய அரிசிக்குள் காற்று இல்லை, அங்கே புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களின் ஆட்சி. மேலே ஈரம் போதவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டையில்தான் பூஞ்சைக்குக் காற்றும் கிடைத்தது, ஈரமும் கிடைத்தது.

ஜெர்மானிய அறிவியலாளர் ஹூகோ மீஹே, ஈர வைக்கோல் போர் தானாகச் சூடேறுவதை ஆராய்ந்து 1907-ல் எழுதினார். கிருமி நீக்கிய வைக்கோல் சூடாகவில்லை. அதில் நுண்ணுயிர்களைத் திரும்பச் சேர்த்ததும் சூடானது.

இதில் என்னை வியக்கவைப்பது, பூஞ்சைகள் முறை வைத்து வருவதுதான். முதலில் குறைந்த ஈரத்திலேயே பிழைக்கும் வகைகள் மெல்லத் தொடங்கும். அவை உண்டாக்கிய ஈரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் கேண்டிடஸ் போன்றவை தழைத்து, குவியலை 50 டிகிரி செல்சியஸுக்கு மேலும் கொண்டுபோகும். அந்தச் சூட்டில் முதலில் வந்தவை செத்துவிடும். காலியான இடத்துக்கு, இத்தனை நாள் வித்துக்களாக உறங்கிக் கிடந்த வெப்பம் விரும்பும் பூஞ்சைகள் வரும். தெர்மோமைசிஸ் லானுஜினோசஸ், ரைசோமியூக்கர் பூசில்லஸ் இவற்றில் முக்கியமானவை. 20 டிகிரிக்குக் கீழே வளராமல், 50 டிகிரியிலும் அதற்கு மேலும் வளர்பவையே இந்த வகை என்று ஆய்வாளர்கள் கூனி, எமர்சன் இருவரும் 1964-ல் வரையறுத்தார்கள். ஏறக்குறைய 60 டிகிரி வரை இவற்றுக்குத் தெம்பு உண்டு. அதற்கு மேல் பூஞ்சைகளாலும் வளர முடியாது, பாக்டீரியாக்களின் முறை.

எங்கள் மூட்டை அந்த எல்லைக்கெல்லாம் போயிருக்காது. 25 கிலோவுக்குச் சூட்டைத் தேக்கும் கனம் கிடையாது. அதற்கு அம்பாரம் வேண்டும். அம்பாரங்களைப் பார்க்க வேண்டுமானால் காவிரிப் படுகைக்குப் போக வேண்டும்.

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்க 14 சதவீதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. 2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களில் கொள்முதலுக்குக் காத்துக் கிடந்த நெல் மழையில் நனைந்து முளைத்தது. வரம்பை 22 சதவீதமாக உயர்த்தித் தரும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. முளைவிட்ட நெல் செய்திப் படங்களில் தெரியும். உள்ளே புழுங்கிக் கிடக்கும் நெல் தெரியாது. மழைக்குப் பயந்து விவசாயி தார்ப்பாய் போட்டு மூடுகிறார். வேறு வழியும் இல்லை. ஆனால் ஈரத்தோடு மூடிய குவியல், பூஞ்சைக்குக் கட்டிக்கொடுத்த வீடு. மழை விட்ட நேரத்தில் திறந்து, கிளறி, காற்றாட விடத்தான் விவசாயிகள் ராப்பகலாக அங்கேயே கிடக்கிறார்கள். அப்படியும் சூடு கண்ட நெல்லை அரைத்தால் அரிசி மஞ்சளாக வரும். நியாய விலைக் கடையில் அந்த அரிசியைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், அது வரிசையில் காத்துக் கிடந்த நாட்களையும் நினைக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரமும் கூரையுள்ள களமும் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்தால் பாதிக் கேடு அங்கேயே நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

60 டிகிரிக்கு மேல் பூஞ்சைகள் வளராது என்றேன்; ஆனால் சூட்டைத் தாங்குவதும் சூட்டில் வளர்வதும் வேறு வேறு. மயிலாப்பூரில் உள்ள விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி.எஸ். சூரியநாராயணன் குழுவினர், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் சருகிலிருந்து எடுத்த பூஞ்சைகளின் வித்துக்கள் 100 டிகிரிக்கு மேற்பட்ட உலர் வெப்பத்தையும் தாங்கியதை 2011-ல் வெளியிட்டார்கள். அந்தச் சூட்டில் அவை வளரவில்லை, பிழைத்திருந்தன. கட்டுரைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அக்னியின் பூஞ்சைகள்’.

எங்கள் மூட்டைக்கு வருகிறேன். எதிர் வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “நன்னா அலம்பி மொட்டைமாடியில ரெண்டு நாள் காயப் போடு, சரியாப் போயிடும்” என்றார். அவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருந்தது. எதையும் வீணாக்காத கை அவருடையது. ஆனால் வெயில் காயவைக்கும், நஞ்சை எடுக்காது. சூடு ஏறும் வழியில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் குடியேறியிருந்தால், அது விட்டுச்செல்லும் அஃப்லாடாக்சின் கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களில் 100 பேருக்கு மேல் கல்லீரல் பாதித்து இறந்தார்கள். வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைகள் அவர்கள்.

“அப்போ மாட்டுக்காவது போடலாமே?” என்று மாமி கேட்டார். மாடு தின்றால் அந்த நஞ்சின் ஒரு பங்கு உருமாறிப் பாலில் வரும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மூட்டையின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார். இருவருமாக இழுத்துத் தெருமுனைக்குக் கொண்டுபோய் குப்பை லாரி வரும் இடத்தில் வைத்தோம்.