கடலறிவும் சிறுவரும்

கடலாற் சூழப்பட்ட நாட்டிற் பிறந்தோரெல்லாம் கடலை அறிந்தவரல்லர். கரையில் நின்று அலைகளைக் கண்டு களித்தல் வேறு. அவற்றுள் இறங்கி மீளுதல் வேறு. இவ்வேறுபாட்டைச் சிறுபிராயத்திலேயே உணர்த்துதற்கு அவுஸ்திரேலியர் கையாளும் முறையொன்று ஆராய்தற்குரியது.

அந்நாட்டுக் கடலுயிர்காப்புக் கழகங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோன்றியவை. 1907ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கமொன்றை அமைத்தன. 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, சிட்னி நகரத்துப் பொண்டாய்க் கடற்கரையில், அடுத்தடுத்தெழுந்த பேரலைகளால் 200க்கு மேற்பட்டோர் ஆழத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். உயிர்காப்பாளர் பலர் அன்று கரையிலே இருந்தமையால் மாண்டோர் ஐவர் மாத்திரமே. மீட்கும் வன்மை இவ்வாறு நிலைநாட்டப்பெற்றது. மீட்கப்படவேண்டிய நிலைக்கு வாராதிருக்கக் கற்பித்தல் பிந்தியே வந்தது. 1960களில் அக்கழகங்கள் சிறுவரையுஞ் சேர்க்கத் தொடங்கின. அச்சிறுவரை 'நிப்பர்' என்பர். நம் பேச்சுவழக்கிற் 'பொடியன்' என்பது போன்ற சொல் அது. இக்காலத்தில் 5 முதல் 13 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கோடைகாலத்து வாரவிடுமுறைகளிற் பெரும்பாலும் ஞாயிறு காலையிலே கூடுவர். (பெண்கள் முழு உரிமையுடைய உயிர்காப்பாளராதற்கு 1980 வரை காத்திருக்க நேர்ந்தமையையும் மறைத்தலாகாது.)

மிக இளையோர்க்குப் பாடம் பெரிதும் மணலிலேயே நிகழும். ஓட்டமும் விளையாட்டுமாகக் கரையோடு பழகியபின், முழங்காலளவு நீர், இடுப்பளவு நீர் என வயதுக்கேற்ப இறங்குவர். உடையும் அலையின் கீழே மூழ்கி அப்பாற் சென்றெழவும், பலகைமேற் படுத்துக் கையால் வலிக்கவும் பழகுவர். எனினும், இவையனைத்தினும் மேலாக யாம் மதிப்பது கடலைப் பார்க்கக் கற்பித்தலையே.

அலைகள் கரைக்குத் தள்ளும் நீர் மீண்டுங் கடலுக்குச் செல்லவேண்டுமன்றோ? மணற்றிட்டுகளிடையே ஆழ்ந்த வாய்க்கால் போன்ற இடங்கள் வழியே அது விரைந்து திரும்பும். இதனை 'றிப்' என்னும் இழுவை நீரோட்டம் என்பர். ஆழம் மிகுதியாதலின் அவ்விடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. நுரையின்றிக் கருமை படர்ந்து அமைதியாய்த் தோன்றும். அறியாதோர் இதுவே குளித்தற்கு நல்லவிடமென்று அங்கேயே இறங்குவர்! அவ்வோட்டம் எவரையும் அடியிலே அமிழ்த்துவதில்லை. கரையினின்று அகற்றிச் செல்வதே அதன் தொழில். அதனை எதிர்த்து நீந்திக் களைத்தலாலேயே பலர் மாள்கின்றனர். எனவே, பதறாது மிதந்து கையை உயர்த்தி உதவி கோருமாறும், இயலுமாயிற் பக்கவாட்டில் அலை உடையும் இடம் நோக்கி நீந்துமாறும், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளிரண்டின் இடையன்றிக் குளியாதிருக்குமாறும் பிள்ளைகட்குப் பயிற்றுவர். இவ்வாறு பயின்ற பிள்ளையின் துணிவு, "இன்று இறங்கேன்" என்று தோழர்முன் கூறவும் வல்ல துணிவு.

குறையும் உண்டு. இக்கழகங்களிற் சேரக் கட்டணம் வேண்டும். கடலோடு பழகிய குடும்பங்களே பெரும்பாலும் நாடிவருவன. அந்நாட்டுக் கரைகளில் மூழ்கி இறப்போருள்ளோ வெளிநாட்டிற் பிறந்தோர் பலர். நம் நாட்டினின்று அங்குக் குடியேறிய பெற்றோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று. பிள்ளையைக் கொணரும் பெற்றோரையும் கழகங்கள் மணலிற் சும்மா அமர்ந்திருக்க விடுவதில்லை; ஏதேனும் ஒரு பணியில் ஈடுபடுத்தும். உரிய பயிற்சியும் தேர்வும் முடித்தால் அவர்களும் காவற்பணியிற் சேரலாம்.