வந்து போன தொற்றின் தடம்

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, அரியலூர் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை சட்டென்று எகிறியது. உடையார்பாளையம் பக்கத்துக்காரர்களுக்கு நல்லாவே நினைவிருக்கும். தேடிப்போய்ப் பார்த்ததால் தெரிந்தது. தேடாத இடங்களில்?

மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பிசிஆர் சோதனை, வைரஸ் இப்போ உடம்பில் இருக்கான்னுதான் சொல்லும். ரத்தத்தில் எதிர்பொருள், அதாவது ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தால், முன்பே வந்து போன தொற்றும் தெரியும்.

2020 ஆகஸ்ட், செப்டம்பரில் சி.எஸ்.ஐ.ஆர். தன் ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள், அவர்கள் குடும்பத்தினர் என 10,427 பேரிடம் இதைச் செய்தது. 10.14 சதவீதம் பேருக்கு எதிர்பொருள் இருந்தது. அவர்களில் நாலில் மூணு பேருக்கு எந்த அறிகுறியும் வந்ததாகவே நினைவில்லை. காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், பொதுப் போக்குவரத்தில் வந்துபோகிறவர்கள் ஆகியோரிடம் அதிகம். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க வழியில்லாதவங்கதான் இதில் பெரும்பாலும்.

அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுக்க எடுத்த ஆய்வில் 31.5 சதவீதம். நம் பக்கத்துப் பெரம்பலூரில் 51. மாநிலத்திலேயே அதுதான் உச்சம். உறுதியான தொற்றுகளைவிட உண்மையான தொற்று சுமார் 36 மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நாளாக ஆக எதிர்பொருள் குறையும். தடுப்பூசியாலும் அது உண்டாகும். ஆகவே இது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளுக்கு "இனி வராது" என்கிற உத்தரவாதம் இல்லை.