மோட்டார் வண்டிக்கு நாமே அமைக்கும் ஸ்விச்சு

கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இறங்கும் மூடுபனியைக் கண்டவர்களுக்கு அதன் தன்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காலை ஏழு மணிக்கும் சாலையோரத்து மரங்கள் தென்படமாட்டா. எதிரே வரும் மாட்டுவண்டி மிக அருகில் வந்த பின்னரே உருவெடுக்கும். மண் மாதிரி எடுக்கவும் பயிர் நிலையைப் பார்வையிடவும் அதிகாலையில் புறப்படும் களப்பணியாளர்கள் தங்கள் வண்டிகளில் பனிவிளக்குகளைத் தனியே பொருத்திக்கொள்வதுண்டு. விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் செலுத்தப்படுகிறது. அதை ஏற்றி அணைக்கும் ஸ்விச்சைப் பற்றிச் சிந்திப்பார் சிலரே. கடையில் அகப்பட்டது எதுவோ, அதுவே ஓட்டுநருக்கு முன்னுள்ள கருவிப்பலகையில் துளையிட்டு மாட்டப்படுகிறது.

அவ்வாறு ஸ்விச்சு மாட்டப்பட்ட ஜீப் ஒன்றில் ஒரு முறை நான் பயணம் செய்தேன். அரை மணி நேரம் சென்றிருக்கும். கருகல் நாற்றம் எழுந்தது. ஓட்டுநர் பனிவிளக்கை அணைக்க முயன்றார். ஸ்விச்சின் பிளாஸ்டிக் குமிழ் இளகி உட்பகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அது அசையவில்லை. வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே புகை அடங்கியது. பின்னர் ஸ்விச்சைக் கழற்றிப் பார்த்தபோது, அது வீட்டுச் சுவரில் பொருத்துவதற்கெனச் செய்யப்பட்டது என்பதும், 6 ஆம்பியர், 250 வோல்ட் என்று அதில் பொறிக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன. "வீட்டில் 230 வோல்ட்டைத் தாங்கும் ஸ்விச்சு, வண்டியில் 12 வோல்ட்டைத் தாங்காதா?" என்று ஓட்டுநர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை அறிந்துகொண்டால், வண்டிக்கு ஏற்ற ஸ்விச்சை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

ஸ்விச்சையும் கம்பியையும் சூடாக்குவது வோல்ட் அன்று. அவற்றின் வழியே பாயும் மின்னோட்டமே. 60 வாட் வீட்டு விளக்கு 230 வோல்ட்டில் ஏறக்குறைய கால் ஆம்பியர் மின்னோட்டத்தையே இழுக்கிறது. ஏறக்குறைய அதே திறனுள்ள 55 வாட் வண்டி விளக்கோ, 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியரை இழுக்கிறது. ஒரே கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வண்டி விளக்கு அக்கம்பியில் எழுப்பும் வெப்பம் வீட்டு விளக்கு எழுப்புவதைப்போல் 300 மடங்காகிறது. விளக்குகள் இரண்டாயின் மின்னோட்டம் 9 ஆம்பியருக்கும் மேல். மேலே கூறிய 6 ஆம்பியர் ஸ்விச்சு கணக்களவிலேயே தோற்றுவிட்டது.

ஸ்விச்சினுள் இரு உலோக முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒரு சிறு மின்தடை எப்போதும் உண்டு. புழுதியாலும் துருவாலும் அது 0.05 ஓம் அளவுக்கு உயர்ந்தால், 9.2 ஆம்பியர் பாயும்போது அங்கே 4 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கிறது. கட்டைவிரல் நகமளவான இடத்தில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கூட்டினுள் இது சிறிய வெப்பம் அன்று. சூடேறிய முனையின் வில் தளர்கிறது. தளர்ந்த முனையில் தடை மேலும் பெருகுகிறது. தடை பெருகினால் சூடும் பெருகுகிறது. நாங்கள் சென்ற ஜீப்பில் நிகழ்ந்தது இதுவே.

விளக்கை ஏற்றும் கணத்தில் வேறொரு சுமையும் ஸ்விச்சின்மேல் விழுகிறது. எரியும்போது 55 வாட் விளக்கின் இழை 2.6 ஓம் தடை உடையது. குளிர்ந்திருக்கும்போது அதே இழையின் தடை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆகவே ஸ்விச்சைப் போட்டவுடன், இழை வெண்சூடு அடையும் வரையுள்ள மிகச் சிறு நேரத்திற்கு, வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு பாய்கிறது. முனைகளில் பொறி எழுந்து குழி விழுவது பெரும்பாலும் அப்போதுதான்.

அணைக்கும் கணத்தின் தொல்லை வேறு வகையானது. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டமாதலின் ஒரு வினாடியில் 100 முறை சுழியாகிறது. முனைகள் பிரியும்போது எழும் மின்வில் அக்கணங்களில் தானே அறுபடும். பாட்டரியின் நேர்மின்னோட்டத்தில் அந்த ஓய்வு இல்லை. நேர்மின்னோட்டம் வீடுகளுக்கு வழங்கப்பட்ட தொடக்க நாட்களில், முனைகள் மெல்லப் பிரியும் ஸ்விச்சுகள் இக்காரணத்தால் விரைவில் எரிந்து வீணாயின. இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துப் பொறியாளர் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் இதற்கொரு வழி கண்டார். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும், உள்ளிருக்கும் வில் முனைகளைச் சட்டென்று பிரித்துவிடும் அமைப்பே அது. இன்று ஸ்விச்சை அழுத்தும்போது கேட்கும் 'டக்' என்னும் ஓசை அந்த அமைப்பின் வழிவந்ததே. வாங்கும்போது அவ்வோசையை உற்றுக் கேட்பது நன்று. குழைவாக நகரும் ஸ்விச்சை ஒதுக்கிவிடலாம். 12 வோல்ட்டில் விளக்கை மட்டும் அணைக்கும்போது மின்வில் நீளாது என்பது உண்மையே. ஆனால் காற்றாடி மோட்டார், ஹாரன் போன்ற சுருள் உள்ள சாதனங்களை அணைக்கும்போது, அச்சுருள் தன் மின்னோட்டத்தை விடாது பற்றி, நூற்றுக்கு மேற்பட்ட வோல்ட்டைக்கூட முனைகளுக்கிடையே எழுப்பவல்லது.

இனி, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் பருத்த ஸ்விச்சு ஒன்றைத் தேடுவதா? அது வேண்டுவதில்லை. மின்னோட்டத்தைக் கருவிப்பலகைக்குக் கொண்டுவராமலேயே இருப்பது சிறந்த வழி. ஸ்விச்சு கட்டளை மட்டும் இடட்டும். வேலையை ரிலே செய்யட்டும். அமெரிக்க இயற்பியலறிஞர் ஜோசப் ஹென்றி 1830களில் உருவாக்கிய இந்த உபாயம், சிறு மின்னோட்டத்தால் ஒரு மின்காந்தத்தை இயக்கி, அக்காந்தத்தால் பெரிய மின்சுற்றை இணைப்பதாகும். வண்டிக்கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 0.15 ஆம்பியரையே இழுக்கிறது. அதன் முனைகளோ 30 ஆம்பியரைத் தாங்கக்கூடியவை. ஆக, கருவிப்பலகையில் உள்ள ஸ்விச்சின் சுமை அறுபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. பாட்டரியிலிருந்து கருவிப்பலகைக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குச் செல்லும் கம்பி 6 மீட்டர் நீளமும் 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் உடையது என்று கொள்வோம். 9.2 ஆம்பியரில் அக்கம்பியிலேயே 0.6 வோல்ட்டுக்குமேல் விழுந்துவிடுகிறது. 12இல் இது நூற்றுக்கு ஐந்து அளவே ஆயினும், இழைவிளக்கின் ஒளி வோல்ட்டைவிடப் பன்மடங்கு விரைவாகக் குறைவதால், ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ரிலேயை விளக்கின் அருகே வைத்து 2 மீட்டர் நீளமுள்ள தடித்த கம்பியால் இணைத்தால் அந்த ஒளி திரும்பக் கிடைக்கிறது. பனிவிளக்குக்கு மஞ்சள் நிறமே உகந்தது என்று பலர் நம்புகின்றனர். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவையாதலின் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறச் செய்கின்றன. விளக்கு தாழ்வாக இருப்பதும் அதன் ஒளி தட்டையாக விரிவதுமே பயன் தருபவை.

இணைக்கும் முறை எளியது. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்ற எண்கள் காணப்படும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30இல் சேரும். 87இலிருந்து விளக்குகளுக்குச் செல்லும். ஸ்விச்சிலிருந்து வரும் மெல்லிய கம்பி 86இல் சேரும். 85 வண்டியின் உலோக உடலோடு இணைக்கப்படும். ஸ்விச்சுக்குரிய மின்சாரத்தை, பியூஸ் உள்ள நிறுத்தவிளக்குச் சுற்றிலிருந்தோ, சாவி திருப்பியபின் உயிர்பெறும் சுற்றிலிருந்தோ எடுக்க வேண்டும். நேரே பாட்டரியிலிருந்து எடுத்தால், மறந்து விட்டுச் சென்ற விளக்குகள் 60 ஆம்பியர்-மணி பாட்டரியை ஆறேழு மணி நேரத்தில் வறட்டிவிடும். முகாமிலிருந்து இருபது மைல் தள்ளி அது நேர்ந்தால் என்னவாகும் என்பதைக் களப்பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பியூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பியூஸ் விளக்கைக் காப்பதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது காப்பது கம்பியை. வண்டியின் உலோக உடலே மின்சாரம் திரும்பும் வழியாதலால், உறை தேய்ந்த கம்பி எங்கே உடலைத் தொட்டாலும் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டத் தயங்காது. பியூஸ் கருவிப்பலகை அருகே இருந்தால், அதற்கு முன்னுள்ள கம்பி முழுவதும் காவலற்றதாகிறது. இரண்டு 55 வாட் விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 15 ஆம்பியர் பியூஸும் பொருந்தும். தகடு வடிவப் பியூஸாயின் நீல நிறமுள்ளது. அது அடிக்கடி எரிந்தால் காரணத்தைத் தேட வேண்டுமேயன்றி, பெரிய பியூஸையோ செம்புக் கம்பித் துண்டையோ செருகுவது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

வேலையைத் தொடங்கும் முன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். உடலோடு இணைந்த முனை அது. அதைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டாலும் தீங்கில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். ஆகவே முதலில் பார்த்தறிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விச்சைத் தாங்க 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் ஒரு சிறு பட்டை வெட்டி, அரத்தால் விளிம்புகளை மழுக்கிக்கொள்ளலாம். கழுத்துள்ள ஸ்விச்சுகளுக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் துளை போதும். முதலில் 3 மில்லிமீட்டர் துளையிட்டுப் பின்னர் பெரிதாக்கினால் துளை விலகாது. எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகட்டின் வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. கம்பி முனைகளை ஈயப்பற்று வைப்பதைவிட முனையத்தில் இறுக நசுக்கிப் பொருத்துவதே மேல். உருகிய ஈயம் கம்பி இழைகளுக்குள் ஏறி அவற்றை விறைக்கச் செய்கிறது. ஓயாத அதிர்வில், விறைத்த பகுதி முடியும் இடத்தில் கம்பி முறிகிறது.

குமிழின் வடிவம் அலங்காரப் பொருள் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 விமானங்களின் விமானிகள், தரையிறங்கிய பின் இறக்கைத் தட்டுகளை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்ட விபத்துகள் நிகழ்ந்தன. இரண்டுக்கும் உரிய பிடிகள் அடுத்தடுத்து ஒரே தோற்றத்தில் இருந்ததை உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் கண்டறிந்தார். சக்கரப் பிடிக்குச் சிறு சக்கர வடிவமும், தட்டுப் பிடிக்கு ஆப்பு வடிவமும் அளிக்கச் செய்தார், தவறுகள் நின்றன. நம் ஓட்டுநரும் விரல்கள் குளிரில் மரத்த நிலையில், சாலையிலிருந்து கண்ணெடுக்காமல் குமிழைத் தேடுபவரே. அருகிலுள்ள துடைப்பான் ஸ்விச்சு உருண்டையாயின், இதை முக்கோணமாகவோ வரி பொறித்ததாகவோ தேக்குத் துண்டில் செதுக்கிக்கொள்ளலாம். முழங்காலோ மார்போ மோதக்கூடிய இடத்தில் அது நீட்டிக்கொண்டிருக்கலாகாது. விளக்கு எரிவதைக் காட்டும் சிறு எல்.ஈ.டி. வைத்தால், முன் பனிவிளக்குக்குச் சர்வதேச வழக்குப்படி பச்சை நிறம் உரியது. அதனுடன் தொடரில் 1,000 ஓம் தடை இருக்க வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இம்முறை பொருந்தாது. புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்விச்சுகள் கணினிக்குச் செய்தி மட்டுமே அனுப்புகின்றன. 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட 'கான்' என்னும் முறையில் இரண்டே கம்பிகளில் பல செய்திகள் ஓடுகின்றன. அக்கம்பிகளை வெட்டி ஒட்டலாகாது. எல்.ஈ.டி. பனிவிளக்குகள் ஓரிரு ஆம்பியரையே இழுப்பனவாயின் தக்க ஸ்விச்சு ரிலேயின்றியும் தாங்கும். அரசு வண்டியாயின் மேலதிகாரியின் இசைவு வேண்டும். தேடுவிளக்கை முன்புறம் பொருத்துவதை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. சிறப்புச் சூழ்நிலைகளில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்றே அதைச் செய்யலாம்.

பள்ளியில் இதைப் பலகையொன்றில் அமைத்துக் காட்ட, பழைய பாட்டரி, ஒரு விளக்கு, ரிலே, பியூஸ், அம்மீட்டர் ஆகியவை போதும். எரியாத விளக்கின் தடையை மாணவர்கள் முதலில் அளக்கட்டும்; பின்னர் 55 வாட் என்ற பொறிப்பிலிருந்து அத்தடையைக் கணக்கிடட்டும். இரண்டு விடைகளும் பொருந்தாதது கண்டு அவர்கள் கேட்கும் கேள்வியே பாடத்தின் தொடக்கம். அடுத்து, அம்மீட்டரை ஸ்விச்சின் கம்பியிலும் விளக்கின் கம்பியிலும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டலாம்.

வண்டியில் வேலை முடிந்ததும், எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளைக் கால் மணி நேரம் எரிய விட வேண்டும். பின்னர் அணைத்துவிட்டு, ஸ்விச்சு, ரிலே, பியூஸ், ஒவ்வோர் இணைப்பு ஆகியவற்றை விரலின் புறத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரிலேயின் உடல் இளஞ்சூடாக இருப்பது இயல்பே. இணைப்பு எதுவேனும் சுடுமாயின், அதைக் கழற்றி மீண்டும் நசுக்கிப் பொருத்திய பின்னரே வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.