காய்ச்சல் கண்ட கர்ப்பிணி: 1918இலும் இன்றும்

1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டிய இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ) காய்ச்சல், மழைக்காலம் முடிவதற்குள் நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு அதிகம் பலியானவர்கள் இளம் வயதினர். அவர்களிலும் கர்ப்பிணிகளின் நிலைதான் மிகக் கொடுமை. அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற மருத்துவர் நோயுற்ற 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி 1919இல் வெளியிட்டார். 100க்கு 27 பேர் இறந்திருந்தார்கள். நிமோனியா கண்டவர்களில் பாதிப் பேர் பிழைக்கவில்லை.

அன்றைய மருத்துவர்களுக்கு எதிரி யாரென்றே தெரியாது. ஏதோ ஒரு பாக்டீரியா என்று நம்பினார்கள். மனிதரைத் தாக்கும் இன்ஃபுளுயன்சா வைரஸ் பிடிபட்டது 1933இல்தான். ஈரத்துணியும் கஞ்சியும் பக்கத்தில் ஓர் ஆளும், அவ்வளவே வைத்தியம்.

கர்ப்பிணியின் உடல் இன்றும் அதே உடல்தான். வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, மூச்சுக்கு இடம் குறைகிறது, இதயத்துக்கு வேலை கூடுகிறது. 2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற ஃப்ளூ வந்தபோது, அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயால் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதமாக இருந்தார்கள். மாறியிருப்பது நம் கையிருப்பு. ஃப்ளூவுக்கு ஒசல்டமிவிர் மாத்திரை இருக்கிறது. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடக்கூடிய தடுப்பூசி இருக்கிறது. 2012இலேயே உலக சுகாதார நிறுவனம் அதில் கர்ப்பிணிகளுக்கு முதலிடம் தரச் சொன்னது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தாய்க்குப் போட்டால், அவள் உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது.

கைவிட்டதும் ஒன்று உண்டு. பேறுகால வீட்டில் தீட்டு என்று வெளியார் சில நாள் எட்டி நின்றார்கள். அந்த வழக்கம் தாயைக் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்தது, அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால், பச்சிளம் குழந்தையை இருமலோடு வந்து முத்தமிடாத அந்த விலகலாவது மிஞ்சியிருக்கலாம்.

டி.டி. ஊசியை இன்று அநேகமாக எந்தக் கர்ப்பிணியும் தவறவிடுவதில்லை. ஃப்ளூ ஊசியோ நாட்டின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. கேட்டால்தான் கிடைக்கிறது, பல இடங்களில் காசு கொடுத்து. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சலும் இருமலும் வந்தால் கஷாயத்தோடு நாள் கடத்தாதீர்கள். ஒசல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.